பழைய வீட்டுக்குப் புது வேலை: மதுரையில் முதன்முறை இறங்குகிறவர்களுக்கு

மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட சந்துகளில் நடந்தால், திண்ணையைக் கம்பி போட்டு அடைத்துப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்கலாம். பெரியவர்கள் காலமாகியிருப்பார்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். விற்க மனம் வராது, குடியிருக்கவும் ஆள் இருக்காது. அப்படி ஒரு வீட்டைக் காபிக் கடையாகவோ துணிக்கடையாகவோ அலுவலகமாகவோ சின்ன விடுதியாகவோ மாற்ற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த வீடு, வாடகை, ஒத்தி எதுவானாலும் சரி. கட்டடப் படிப்பு தேவையில்லை. கொத்தனாரிடமும் இன்ஜினியரிடமும் எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும், வீண் செலவு நிறையக் குறையும்.

மதுரைக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுதுபார்த்தார்கள். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாவாக இருந்து, 1959இல் காந்தி அருங்காட்சியகம் ஆயிற்று. புது மண்டபத்துத் தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியது சமீபத்தில்தான். கோச்சடையில் ஜெஃப்ரி பாவா 1970களில் மதுரா கோட்ஸ் ஆலைக்காக வடிவமைத்த கிளப் இப்போது ஒரு ஹோட்டல்.

இந்த வேலையில் எல்லோரும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் தொழிலை முடிவு செய்துவிட்டு, அப்புறம் வீட்டை அதற்குள் திணிக்கிறார்கள். வீட்டைப் பார்த்து அது எந்த வேலைக்குத் தோதுப்படும் என்று முடிவெடுத்தால், இடிப்பதும் பூசுவதும் பாதியாகக் குறையும். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையில்தான் போகும்.

இடித்துவிட்டுக் கட்டினால் என்ன?

வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கட்டாயம் கேட்பார். நடு ஊரைப் பொறுத்தவரை பதில் கணக்கிலேயே இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டட உயரம் 9 மீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய வீடு மனை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் வைத்து நிற்கும். இடித்துப் புதிதாகக் கட்டப் போனால் இன்றைய விதிப்படி இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். மாடி மாடியாக ஏறவும் முடியாது. கடைசியில் கிடைக்கும் சதுர அடி, இடித்த வீட்டைவிடக் குறைவாகப் போவதும் உண்டு. இடிக்க ஆள் கூப்பிடும் முன், மாநகராட்சி உரிமம் பெற்ற ஒரு இன்ஜினியரிடம் இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்.

காகிதம்

அலுப்பான பகுதிதான், தாண்டிப் போக முடியாது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வாரிசுகள் எத்தனை பேர், இவை நான்கும் கையில் வேண்டும். மதுரையில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அடிமனை யாருடையது? கட்டடம் குடும்பத்துக்கு, மனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ என்ற ஏற்பாடு இங்கே நிறைய. அப்படி இருந்தால் மாற்றிக் கட்டவும் உள்வாடகைக்கு விடவும் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் இங்கே உதவாது. கூரையைப் பழுதுபார்த்துச் சுவரைத் தேற்றிக் கடையை எழுப்புவதற்குள்ளேயே அது தீர்ந்துவிடும். போட்ட பணத்தை எடுக்க ஏழெட்டு ஆண்டாவது வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமே கட்டாயம். கூரைக்கும் சுவருக்கும் ஆகும் செலவு யாருடையது, காலி செய்யும்போது எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்பதையும் அதில் எழுதுங்கள். ஒத்திக்கு எடுத்தால் இது இன்னும் முக்கியம். மாத வாடகை இல்லாததால் கூரை ஒழுகும்போது வாடகையில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்ல வழியே இருக்காது.

குடியிருப்பு வணிகமாக மாறும்போது மாநகராட்சி அனுமதி, சொத்து வரி, மின் கட்டணம் மூன்றும் மாறும். சாப்பாட்டுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் கூடவே வரும். ஊருக்கு வெளியே, சமணர் மலை போல மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னங்களுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே பழுதுபார்க்கவே முன் அனுமதி வேண்டும்.

வீட்டைப் படிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எதையும் தொடாமல், எதையும் உடைக்காமல், வீட்டை மட்டும் பாருங்கள். ஒரு நாள் உச்சி வெயிலில், இன்னொரு நாள் நல்ல மழையில். வெயில் நாளில் எந்த அறை குளுமையாக இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பது தெரியும். மழை நாளில் மீதியெல்லாம் தெரிந்துவிடும்.

கையில் டேப், டார்ச், திருப்புளி, சின்னச் சுத்தியல், தூக்குக்குண்டு போதும். அறை அறையாக அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். நான்கு பக்கத்தை மட்டும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை குறுக்கும் அளக்க வேண்டும். பழைய வீட்டில் நேர்கோணமான அறை அபூர்வம். அதை நம்பி அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தால் ஒரு பக்கம் இடிக்கும், மறுபக்கம் இடைவெளி விழும்.

அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். இந்த ஊர் மச்சு வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். உத்திரத்தின் மேல் நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மெல்லிய சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, மூலைவாட்டத்தில் நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கிய சுருக்கி, அதன்மேல் தட்டோடு என்னும் தட்டை ஓடு. நன்றாகக் கட்டியது நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். அதைக் கெடுப்பது இரண்டு: தண்ணீர், கரையான். இரண்டும் முதலில் பிடிப்பது கட்டை சுவருக்குள் நுழையும் நுனியை. நடுவில் கட்டை வைரம் போல இருக்கும், நுனி மட்கியிருக்கும். ஒவ்வொரு கட்டையின் நுனியையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்தக் கட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுங்கள். மரத்துக்குப் பதில் இரும்பு விட்டமோ பழைய தண்டவாளமோ இருந்தால், துரு செதில் செதிலாக உரிகிறதா என்று தட்டிப் பாருங்கள். இரும்பு துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் பக்கத்துச் செங்கல்லைப் பிளக்கும்.

சுவரில் விரிசல் கண்டதும் பயப்பட வேண்டாம், எந்த விரிசல் என்று பார்க்க வேண்டும். பூச்சில் வலை போலப் பரவும் மயிர் விரிசல் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டாகச் சாய்ந்து இறங்கும் விரிசல், அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். சுவர் வயிறு தள்ளியிருந்தால் தூக்குக்குண்டு சொல்லிவிடும். விரிசல் பழையதா, இன்னும் நடக்கிறதா என்று அறிய ஒரு சுலப வழி உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே இரு பக்கமும் காரையில் பதித்து, தேதி எழுதி விட்டுவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது உள்வேலையை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கடைசியாகத் தரை ஓரம். இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, உப்பு பூத்திருக்கும். காரணம் பல நேரம் வீட்டுக்கு வெளியே கிடக்கும். ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்ததில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடு இன்று தெருவுக்குச் சமமாகவோ பள்ளமாகவோ நிற்கிறது. மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தைச் சுற்றி நிற்கும், சுவர் அதை உறிஞ்சும். உள்ளே எத்தனை முறை பூசினாலும், வெளியே தண்ணீர் வடிய வழி செய்யாமல் ஓதம் நிற்காது.

எவ்வளவு பாரம் தாங்கும்?

தொழிலை முடிவு செய்யும் இடம் இதுதான். இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 875 வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழங்கு பாரம் (ஆளும் சாமானும் சேர்ந்த பாரம்) வைக்கிறது. கடைக்கும் உணவகத்துக்கும் 400. புத்தக அடுக்கு நிற்கும் நூலக அறைக்குக் குறைந்தது 600. குடும்பம் புழங்கிய மாடியறையில் கடை போட்டாலே பாரம் இரட்டிக்கும் என்று அர்த்தம். மாடிக் கட்டைகளில் குறி விழுந்திருந்தால் அங்கே துணி மூட்டை அடுக்க முடியாது. நான்கு மேசை போட்ட அலுவலகமோ யோகா வகுப்போ நடத்துவதென்றாலும், இன்ஜினியர் பார்த்துச் சரி சொன்னால்தான் சரி. கனமான எதுவும் தரைத்தளத்தில் இருக்கட்டும்.

எல்லோரும் மறக்கும் பாரம் ஒன்று உண்டு: சின்டெக்ஸ் தொட்டி. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். விடுதியாக மாற்றும்போது இரண்டு, மூன்று என்று மச்சின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். பின்கட்டில் தரையிலிருந்தே இரும்புச் சட்டம் எழுப்பித் தொட்டியை அதன்மேல் ஏற்றுங்கள்.

எந்த அறையில் எது

பழைய வீட்டில் ஏற்கெனவே ஒரு ஒழுங்கு இருக்கிறது. திண்ணை தெருவுக்கு, வாசலை அடுத்த நடையான ரேழி வந்துபோகிறவருக்கு, முற்றமும் அதை ஒட்டிய கூடமான பட்டாசாலையும் கூட்டத்துக்கு, உள்ளறைகள் தனிமைக்கு, அடுப்பங்கரையும் கிணற்றடியும் பின்னால். இதைக் குலைக்காமல் தொழிலை உட்கார வைத்தால் சுவர் உடைக்க வேண்டியதே இருக்காது. காபிக் கடையென்றால் திண்ணையில் நின்று குடிக்கிறவர்கள், முற்றத்தைச் சுற்றி மேசைகள், பின்கட்டில் சமையல். அலுவலகமென்றால் ரேழியில் வரவேற்பு, உள்ளறையில் கணக்கு.

தண்ணீர் புழங்கும் எதையும் பின்னாலேயே வையுங்கள். கழிப்பறையை நடுவீட்டில் வைக்க ஆசைப்பட்டால், மண் சாந்துச் சுவரில் குழாய் பதித்து, சாக்கடைக்கு வாட்டம் தேடி, கடைசியில் தரையை அரையடி உயர்த்த வேண்டிவரும். அதனால் கதவு நிலை குள்ளமாகி, வருகிறவர் தலையெல்லாம் இடிக்கும்.

முற்றத்தை மூடுகிற விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நடு ஊரில் மூன்று பக்கமும் பொதுச்சுவர் உள்ள வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருவது அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான். சூடான காற்று மேலே ஏறி அதன் வழியே வெளியேற, தெருப் பக்கமிருந்து உள்ளே காற்று இழுபடும். அதைக் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டு இறுக்கி மூடினால், சித்திரை வெயிலில் வீடே வெந்துபோகும், பிறகு ஏசி மேல் ஏசி. மழைக்கு மூடத்தான் வேண்டுமென்றால், கூரை விளிம்பிலிருந்து இரண்டடியாவது தூக்கி, நான்கு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டுப் போடுங்கள். குரங்குக்கும் பூனைக்கும் கம்பி வலை போதும். ஏசி வேண்டிய உள்ளறை ஒன்றிரண்டைக் கதவு போட்டுத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ப்பது எதுவும் பிறகு கழற்றக்கூடியதாக இருக்கட்டும். தடுப்புச் சுவருக்குப் பதில் மரத் தட்டி, பரண் தேவைப்பட்டால் தன் காலில் நிற்கும் இரும்புச் சட்டம். தொழில் மாறினாலும் வீடு கெடாது.

சிமெண்டா, சுண்ணாம்பா?

பழைய சுவர் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியது. ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் விடும் வழி அடைபடும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை மாவாக்கும். ரெண்டு மூன்று வருஷத்தில் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்தே பெயர்த்துக்கொண்டு வரும். அதனால் ஏற்கெனவே யாராவது சிமெண்ட் பூசியிருந்தால், ஓதம் உள்ள இடத்தில் அதைக் கொத்தி எடுங்கள். சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்புக் காரை.

வேலை இப்படி நடக்கும். கல் சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டுமே தவிர, சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. போட்டதும் கொதிக்கும், தெறித்தது கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். நீற்றியதைச் சலித்துத் தண்ணீருக்கடியில் சில வாரம் ஊறவிட்டால் வெண்ணெய் போல ஆகும். பிறகு மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைப்பார்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசாமல், மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதற்கு நாளாகும். மதுரை வெயில் அதைச் சீக்கிரம் உலர்த்தி வெடிக்க வைத்துவிடும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப் பூச்சைப் பார்த்துவிட்டு அதுவே வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து இழைத்து இழைத்துத் தேய்க்கும் வேலை அது. கை பழகிய கொத்தனார் குறைவு, கூலி அதிகம். ஒரு சுவருக்குச் செய்யலாம், மற்றதற்கு நல்ல சுண்ணாம்படியே அழகு. பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் வேண்டாம், சிமெண்ட் செய்த கெடுதலையே அதுவும் செய்யும்.

வயரும் குழாயும்

பழைய மரப்பட்டி வயரிங்கை ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டாம், முழுக்க எடுத்துவிடுங்கள். புது எர்த்திங், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் கட்டாயம். மரக் கூரையும் ஓதச் சுவரும் உள்ள வீட்டில் இதில் பேரம் பேசக் கூடாது. பாரம் தாங்கும் சுவரில் எலக்ட்ரீஷியனை இஷ்டத்துக்குக் காடி (வயர் பதிக்கும் பள்ளம்) வெட்ட விடாதீர்கள். நெட்டாக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், படுக்கையாக வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. படுக்கைக் காடியே வேண்டாம் என்பது என் கட்சி. சுவருக்கு வெளியே இரும்புக் குழாயில் வயரை ஓட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கும், பழுதுபார்ப்பதும் சுலபம்.

சாமான் வாங்குவது

பழைய கதவு, தூண், ஜன்னல் வாங்க, பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாம். போகும் முன் உங்கள் வீட்டின் பரணையும் பின்கட்டையும் தேடிப் பாருங்கள். கழற்றிப் போட்ட கதவு அங்கேயே கிடக்கும். இன்னொரு வீட்டை உடைத்து எடுத்த தூணை வாங்கி என் கடையில் அழகுக்கு நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் விருப்பம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் நல்ல தேர்வு. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை வார்த்துக் கையால் செய்வது அது. பதிக்கப் பழகிய ஆளிடம் கொடுங்கள், பதித்தபின் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. ஆள் நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு ஏறும். ஆனால் எண்ணெயும் குழம்பும் சிந்தும் சமையலறைக்கு அது வேண்டாம், கறை இறங்கிவிடும்.

ஆளும் காலமும்

கூரை வேலையைத் தை, மாசியில் தொடங்கி, ஐப்பசி அடைமழைக்கு ரொம்ப முன்னாலேயே முடிக்கப் பாருங்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே உள்வேலை தொடங்குவது காசைக் கரியாக்குவது. வரிசை இதுதான்: முட்டு கொடுப்பது, கூரை, வெளித் தண்ணீர் வடிகால், சுவர் காய்வது, குழாயும் வயரும், பூச்சு, தரை, கடைசியாகத்தான் மேசை நாற்காலி.

சந்துக்குள் லாரி வராது. குட்டியானை வந்தால் அதிர்ஷ்டம், அதுவும் ராத்திரியில்தான். மணலை எங்கே இறக்குவது, ரப்பிஷை எங்கே கொட்டுவது என்று பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பொதுச்சுவரில் கை வைக்கும் முன்னும் அப்படித்தான். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளில் தேர் வரும், அப்போது சாமான் வரவை எதிர்பார்க்க வேண்டாம்.

கொத்தனாருக்குச் சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்ட் விட்டால் சுண்ணாம்பு வேலையில் அவசரம் காட்டுவார். காரை வேலைக்கு மட்டும் நாள் கூலி பேசுங்கள். மொத்த மதிப்பீட்டுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். சுவரைக் கொத்தினால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

கடை திறந்த பிறகும் இரண்டு வேலை வருஷா வருஷம் உண்டு. புரட்டாசியில் மொட்டை மாடி ஏறித் தண்ணீர் இறங்கும் குழாய்களின் வாயைச் சுத்தம் செய்து, தட்டோட்டு இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் கிள்ளிவிட்டு வராதீர்கள், அது வேரிலிருந்து மறுபடி தழைக்கும். அந்த இடத்துச் செங்கல்லைக் கழற்றி, வேரை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.